பிச்சாவரத்தில் எத்தனை தீவுகள், அங்கே ஏன் ஒரு வீடும் இல்லை?

கேட்கப்பட்ட கேள்வி: "புதுச்சேரியிலிருந்து குடும்பத்தோடு பிச்சாவரம் போயிருந்தோம். மொத்தம் 51 தீவு என்று படகோட்டி சொன்னார். வீட்டுக்கு வந்து செயற்கைக்கோள் படத்தை வைத்து எண்ணினேன். ஒரு தடவை முப்பத்துச் சொச்சம் வந்தது, இன்னொரு படத்தில் எண்பதைத் தாண்டிவிட்டது. இவையெல்லாம் உண்மையிலேயே தீவுகள்தானா? இவ்வளவு பசுமையான இடத்தில் ஏன் ஒருவரும் குடியிருக்கவில்லை?"

நீங்கள் இரண்டு தடவையும் சரியாகவே எண்ணியிருப்பீர்கள். உங்கள் இரண்டு படங்களும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை. ஒன்று தண்ணீர் ஏறி நின்றபோது எடுத்ததாக இருக்கும், மற்றது வற்றியபோது எடுத்ததாக இருக்கும். நான் பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளைப் பக்கத்துக்காரன். சிதம்பரத்தில் பல வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தியவன். வருடா வருடம் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். அவர்களும் இதையேதான் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். எங்கள் ஊரில் யாரும் இவற்றைத் தீவு என்று சொல்வதில்லை, திட்டு என்றுதான் சொல்வார்கள். தீவு என்றால் எந்நேரமும் நான்கு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம். திட்டு என்பது தண்ணீர் இறங்கும்போது முதுகு காட்டுகிற மேடு. ஏறும்போது அது முழுகலாம், பாதி முழுகலாம், அல்லது விளிம்பு மட்டும் தெரியலாம். நம் கடற்கரை முழுக்க இந்தச் சொல் ஊர்ப்பெயராகவே உட்கார்ந்திருக்கிறது. மரக்காணத்துப் பக்கம் எடையன்திட்டு, உங்கள் புதுச்சேரியிலேயே தேங்காய்த்திட்டு, பிச்சாவரத்துக்கு முன்னால் எம்.ஜி.ஆர். திட்டு, கொள்ளிடத்துக்கு நடுவே திட்டுக்காட்டூர். கடைசியாகச் சொன்ன ஊரில் கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போதெல்லாம் ஜனங்கள் படகில்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் நிலத்தின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறார்கள்.

இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கி.மீ. வந்தால் பிச்சாவரம். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிறது. தெற்கே பழையாற்றுப் பக்கம் கொள்ளிடம் சேர்கிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே, கடற்கரைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற சேற்று நிலம்தான் பிச்சாவரம் அலையாத்திக்காடு. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே நீளமான மணல்திட்டு ஒன்று வேலி மாதிரி படுத்திருக்கிறது. அந்த வேலியில் ஒரு திறப்பு உண்டு, சின்னவாய்க்கால் என்று அதற்குப் பெயர். காட்டுக்குள் கடல் வந்து போகிற நேர்வாசல் அதுதான். வடக்கே வெள்ளாற்றோடும் தெற்கே கொள்ளிடத்தோடும் உள்வழியாகவும் தொடர்பு இருக்கிறது. ஆக இந்தத் திட்டுகளுக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. அது போக, மேற்கே வயல்காட்டின் வடிகால் நீர் கான்சாகிப் வாய்க்கால் வழியாக வந்து விழுகிறது.

51 என்ற எண் படகோட்டி கற்பனையாகச் சொன்னது இல்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளில் பல பத்தாண்டுகளாகவே இந்த எண் வருகிறது. பத்துச் சதுர மீட்டர் அளவிலிருந்து இரண்டு சதுர கிலோமீட்டர் அளவு வரை மொத்தம் 51 திட்டுகள், காட்டின் பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர், அதில் ஏறக்குறைய பாதி மரங்கள், பத்தில் நான்கு பங்கு நீர்வழிகள், மீதி சேறும் மணலும். பத்துச் சதுர மீட்டர் என்றால் எவ்வளவு? நம் வீட்டுக் கூடம் கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அவ்வளவு சின்னதையும் ஒன்று என்று எண்ணி வந்த கணக்கு அது. இன்னும் கொஞ்சம் சின்னதையும் சேர்த்துக்கொண்டால் எண் எங்கேயோ போய்விடும். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் சேர்ந்தபோது பரப்பு 1,478 ஹெக்டேருக்கு மேல் என்று குறிக்கப்பட்டது. காடு திடீரென்று பெருத்துவிடவில்லை, எல்லைக்கோடு வேறு இடத்தில் போடப்பட்டது, அவ்வளவுதான். நான்காயிரத்துச் சொச்சம் வாய்க்கால்கள் என்று ஒரு எண்ணும் அடிபடுகிறது. அதையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைவிட முக்கியமானது, இந்தத் திட்டுகள் எப்படி உண்டாயின என்பது. ஆறு கொண்டு வரும் வண்டல் மிக நுண்ணியது. நன்னீரில் அது கலங்கலாகவே மிதந்துகொண்டிருக்கும். உப்புநீரைத் தொட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, கீழே படியத் தொடங்கும். அலை அடிக்கிற திறந்த கடற்கரையில் படிந்தால் மறுநாளே அரித்துப் போய்விடும். இங்கே முன்னால் மணல்வேலி இருப்பதால் அலை உள்ளே வருவதில்லை, ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி வற்றுகிற அசைவு, மட்டுமே வருகிறது. அதுவும் மெதுவான ஓதம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்சம் கூடும், நடுவில் குறையும். உள்ளே பல வாய்க்கால்களில் இடுப்பளவு தண்ணீர்தான். அதனால் படிந்த சேறு அங்கேயே தங்குகிறது.

தங்கிய சேற்றைப் பிடித்துக் கட்டுவது மரம். உங்கள் படகின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றதே, அது சுரபுன்னை. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறு மேட்டில் தட்டி நிற்கும். வாய்க்கால் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்குத்தான் சுரபுன்னை நிற்கிறது. அதற்குப் பின்னால் காட்டின் பெரும்பகுதி வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் அதனுடையவை. இன்னும் உள்ளே, உப்பு ஏறிப்போன வெட்டவெளியில் உமரிச் செடி. கரைப்பக்கம், ஓதம் எப்போதாவதுதான் எட்டுகிற விளிம்பில் தில்லை.

தில்லையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இன்று ஊருக்குள் தில்லைக்காடு இல்லை. அந்த மரத்தை இயல்பாகப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். கழிமுகத்தின் நில விளிம்பில் வளர்கிற மரத்தின் பெயரை, கடலிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர் சுமந்துகொண்டிருக்கிறது என்றால், உப்புநீரின் எல்லை ஒரு காலத்தில் மேற்கே எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறுகள் வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்திருக்கின்றன. காடும் பின்னாலேயே நகர்ந்து வந்திருக்கிறது. மரத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் தொடப் போவார்கள், நான் தடுப்பேன். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இப்போது நீங்கள் படகிலிருந்து பார்த்திருக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். பிச்சாவரத்தைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி என்பது என் எண்ணம். ஒரு திட்டை நடுவே வெட்டிப் பார்த்தால் அது கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்காது, நிமிர்த்தி வைத்த தாம்பாளம் மாதிரி இருக்கும். விளிம்பு உயரம், நடு தாழ்வு. ஓதநீர் வாய்க்காலிலிருந்து மரங்களுக்குள் நுழைந்ததுமே வேகம் குறைந்து, வண்டலை ஓரத்திலேயே போட்டுவிடுகிறது. அதனால் ஓரம் உயர்கிறது. நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இது இயற்கையாகவே உள்ள சின்னப் பள்ளம். ஆனால் மனிதன் அதைப் பெரும் பள்ளமாக்கினான்.

பிச்சாவரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே காப்புக்காடாகிவிட்டது. அந்தக் காலத்தில் காப்பது என்றால், முறை வைத்து வெட்டுவது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமாக வெட்டி விறகுக்கு எடுத்தார்கள். வளர்ந்து வந்ததும் திரும்ப வெட்டலாம் என்பது கணக்கு. 1970கள் வரை இப்படி நடந்தது. மலைக்காட்டில் வேண்டுமானால் அந்தக் கணக்குச் சரியாக வரும். இங்கே நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகி அமுங்கியது. தாம்பாளத்தின் நடு இன்னும் தாழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் குட்டையாகத் தேங்கியது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் குட்டை ஆவியாக ஆவியாக உப்பு கூடிக்கொண்டே போனது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அந்தப் பள்ளங்களில் அதைவிடப் பல மடங்கு ஏறியது. வெண்கண்டல் விதைகூட அங்கே பிழைக்கவில்லை, உமரி மட்டும் பரவியது. வாய்க்காலில் போகிறவருக்கு இரண்டு பக்கமும் பச்சைச் சுவர் தெரியும், சுவருக்குப் பின்னால் வெள்ளை பூத்த பொட்டல். திட்டுகளின் எண்ணிக்கையைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் பல திட்டுகள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தன. எனக்கு இது இன்றும் வருத்தம்தான்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து இதற்கு வழி கண்டன. அருகிலிருக்கும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வந்து போக வாய்க்கால் வெட்டுவதுதான் முதல் வேலை, மரம் நடுவது அதற்கு அப்புறம். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மீன்முள் மாதிரி. ஓதம் தினம் இரண்டு தடவை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வாய்க்கால் ஓரமாக நட்ட கன்றுகள் பிழைத்தன. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திட்டுகளுக்குள் ஒழுங்காகக் கீறிய மீன்முள் கோடுகள் சில இடங்களில் தெரியும். இயற்கையான வாய்க்கால் அவ்வளவு நேராக ஓடாது. நீங்கள் எண்ணும்போது அந்தக் கோடுகள் ஒரு திட்டைப் பத்தாகக் காட்டியிருக்கலாம். உங்கள் எண்பதுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது குடியிருப்பு. காப்புக்காடு, அதனால் குடியிருக்க அனுமதி இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அனுமதி இருந்தாலும் அந்தச் சேற்றுத் திட்டில் யாராலும் வாழ முடியாது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற தரை. அதைவிடப் பெரிய காரணம் குடிநீர்.

மணலுக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். மணல்மேட்டில் பெய்கிற மழை அப்படியே உள்ளே இறங்கும். நன்னீர் உப்புநீரைவிட லேசானது. அதனால் அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேலே அது ஒரு மிதவை மாதிரி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு முழம் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது முழம் நன்னீர் இறங்கியிருக்கும் என்பது புவியியலில் உள்ள கணக்கு. கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் ஊற்று தோண்டினால் குடிக்கத் தண்ணீர் வருவது இதனால்தான். சேற்றில் மழை இறங்காது, மேலாக ஓடி வாய்க்காலில் கலந்துவிடும். இறங்கினாலும் தினம் இரண்டு தடவை வரும் ஓதம் அதை உப்பாக்கிவிடும்.

ஆகவே இந்தப் பக்கத்தில் ஜனங்கள் தண்ணீருக்கு நடுவே குடியேறிய இடங்களைப் பார்த்தால் எல்லாம் மணல்தான். கொள்ளிடம் முகத்துவாரத்தில், மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், கொடியம்பாளையம் ஒரு தீவு கிராமம். மணல்மேட்டில் இருக்கிறது, இன்றும் ஜனங்கள் வாழ்கிறார்கள். பிச்சாவரத்துக்கு முன்னால் உள்ள மணல்வேலியில் சின்னவாய்க்கால், பில்லுமேடு, எம்.ஜி.ஆர். திட்டு என்று மீனவர் குடியிருப்புகள் இருந்தன. கடல் ஒரு பக்கம், உப்பங்கழி ஒரு பக்கம். தொழிலுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அந்த மணல்வேலியின் மேல் ஏறிப் போனது. வீடுகள் நிற்கவில்லை, நிறைய உயிர்கள் போயின. மிச்சமிருந்தவர்களைக் கிள்ளைப் பக்கம் குடியமர்த்தினார்கள். பிறகு ஒரு தடவை அங்கே இறங்கி நடந்தேன். இடிந்த சுவர்கள் மணலில் நின்றிருந்தன, ஒரு அடுப்பு அப்படியே இருந்தது. அதற்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை. ஆக உங்கள் கேள்விக்கு விடை இரண்டு விதம். காட்டுக்குள் இருக்கும் திட்டுகளில் வீடு கட்டிக் குடியிருக்க வழியே இல்லை. முன்னால் இருக்கும் மணல்திட்டில் இருந்தார்கள், இப்போது இல்லை.

காடுதான் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் க. கதிரேசனும் அவரோடு சேர்ந்தவரும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு 2005-ல் அப்படித்தான் எழுதினார்கள். அதே விவரங்களைத் திரும்பக் கணக்கிட்ட வேறு சிலர், கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் பெரும்பாலும் காரணம், மரத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் நான் மதிக்கிறவர்கள்தான். இந்த நிலத்தைத் தெரிந்தவனாக எனக்குத் தோன்றுவது இது: இங்கே தூரத்தையும் காட்டையும் பிரிக்கவே முடியாது. காடு மணல்வேலிக்குப் பின்னால்தான் வளரும், அதனால் காட்டுக்குப் பின்னால் இருக்கிற ஊர் கடலுக்குத் தூரமாகத்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் வெறும் தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் அலை இன்னும் வேகமாக வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குடியில்லை என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிள்ளையைச் சுற்றியுள்ள இருளர்கள் இந்த வாய்க்கால்களில் தினமும் இறங்குகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதில் போட்டுக்கொள்வார்கள். பெண்கள்தான் அதிகம். எந்த வாய்க்கால் எந்த வாரம் தூர்ந்தது, எந்தத் திட்டின் ஓரம் இடிந்தது என்பது எந்த வரைபடத்திலும் வருவதற்கு முன்னால் அவர்கள் காலுக்குத் தெரிந்துவிடும். பிச்சாவரத்தின் சரியான வரைபடம் யாரிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் அவர்களைத்தான் காட்டுவேன்.

திட்டுகளின் பிழைப்பு இரண்டு தண்ணீரைப் பொறுத்தது. ஒன்று மேற்கிலிருந்து வரும் நன்னீர். 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் கட்டிய பிறகு, 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, கொள்ளிடத்தின் கடைமடைக்கு வருவது பெரும்பாலும் மழைக்கால வெள்ளம்தான். வண்டலும் அதற்கேற்றபடி குறைந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை காட்டில் தண்ணீர் நன்னீர் மாதிரி ஆகிவிடும். பங்குனிக்கு மேல் கடலைப் போல, சில இடங்களில் கடலையும் மிஞ்சி உப்பாகிவிடும். பாசன வடிகால் கொஞ்சமாவது வருவதால்தான் கோடையைத் தாண்டுகிறது. வயலிலிருந்து வழிந்து வரும் நீர் வீண் என்று பேசுகிறவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

மற்றது கிழக்கிலிருந்து வரும் ஓதம். சின்னவாய்க்கால் வாசல் ஆழமில்லாதது. தென்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளும், வாடைக்காலத்தில் தெற்கே இழுக்கும். இரண்டும் போக மிச்சம் வடக்கே போவதே அதிகம். இந்த இழுபறியில் வாசல் குறுகும், இடம் மாறும், புயலிலோ வெள்ளத்திலோ திரும்ப அகலும். வாசல் மணல் மூடினால் மீனவர்களின் படகு வெளியே போக முடியாது. அதைத் தூர்வாரச் சொல்லி அவர்கள் கேட்பது காட்டுக்கும் சேர்த்துத்தான். வாசல் அடைபட்டால் உள்ளே ஓதம் இல்லை, ஓதம் இல்லையென்றால் தாம்பாளங்களில் திரும்ப உப்புதான்.

அதனால், திரும்ப எண்ணிப் பார்ப்பதாக இருந்தால் திட்டை விட்டுவிட்டு வாய்க்கால்களை எண்ணுங்கள். ஒரு வாய்க்கால் தூர்ந்தால் இரண்டு திட்டு ஒன்றாகிவிடும். புதிதாக ஒன்று அறுத்தால் ஒன்று இரண்டாகும். ஐந்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வாய்க்கால் மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். எண்ணிக்கையைவிட அதில் நிறையத் தெரியும்.

நேரில் வருவதானால் மழை ஓய்ந்த தை, மாசியில் வாருங்கள். மாசி மகத்தன்று வந்தால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு வருவதையும், அங்கே முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வதையும் பார்க்கலாம், ஆனால் அன்று ஊர் கொள்ளாது. மோட்டார் படகு வேண்டாம், அது அகலமான வாய்க்காலில் மட்டுமே போகும். துடுப்புப் படகு எடுங்கள். ஏற்றம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அதனால் எப்போது தண்ணீர் உச்சத்தில் இருக்கும் என்று படகுத்துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உச்சத்தில் கிளம்பி, வற்றத் தொடங்கும்போது திரும்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் இரண்டு நிலையும் பார்த்துவிடலாம். சுரபுன்னை வேரில் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருக்கும், ஒரு உயரத்துக்கு மேல் இருக்காது. ஏற்றத்தில் தண்ணீர் வழக்கமாக எட்டுகிற மட்டம் ஏறக்குறைய அதுதான். கிளம்பும்போது அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர், திரும்பி வரும்போது எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பிள்ளைகளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.